இழையினிக்குக் குரல்: க. ஹேமலதா

ஆரணி
14.6.2025

தம்பி கமலக்கண்ணனுக்கு,

இங்கே நானும் தெய்வநாயகியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். எனக்குச் சர்க்கரை மட்டும் இருநூறுக்குக் கீழே இறங்க மறுக்கிறது. உன் இடுப்பு வலியும் ஸ்வர்ணலதாவின் தைராய்டும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

இதைப் போனில் கேட்டால் என்ன என்று நினைப்பாய். அப்பாவின் கருமாதிப் பத்திரிகையில் இளையவன் உன் பெயரை மேலேயும் மூத்தவன் என் பெயரைக் கீழேயும் அச்சடித்துக் கொண்டுவந்தாயே, அன்றைக்கு இனி உன்னோடு பேசுவதில்லை என்று சொன்னேன். எழுதுவதில்லை என்று சொல்லவில்லை. ஏழு வருடமாக அப்படித்தான் நடக்கிறது. அதில் மாற்றமில்லை.

நீ வசனம் எழுதிய ‘விண்மீன் விடுதி’ கார்ட்டூன் தொடரின் முதல் பகுதியைப் பார்த்து அபிப்பிராயம் எழுதச் சொல்லியிருந்தாய். பார்த்தேன். அருவருப்பாக இருந்தது.

ஐந்து பிள்ளைகள். பதினாறு வயது என்கிறீர்கள். ஒருவனுக்கும் மூக்கு இல்லை. கண் ஒவ்வொன்றும் பஜ்ஜித் தட்டு அளவு. ஒருவன் நெருப்பை ஊதுகிறான், ஒருத்தி மறைந்துபோகிறாள், ஒருவன் இரும்போடு பேசுகிறான். யாரும் வகுப்புக்குப் போவதாகத் தெரியவில்லை. சண்டைக்கு முன் ஐவரும் வரிசையாக நின்று கையை ஆட்டிப் பெயர் சொல்லிக்கொள்கிறார்கள். அதுவரை வில்லன் பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி காத்துக்கொண்டு நிற்கிறான். ஊர் எது? சென்னையும் இல்லை, ஜப்பானும் இல்லை. மூன்று வார்த்தைக்கு ஒரு ‘செம’. எம்.ஏ. தமிழ் படித்தவன் ஆரணியில் சேலைக்கு டிசைன் போடுகிறான், பள்ளி இறுதி வகுப்பில் இரண்டு முறை தமிழில் கோட்டை விட்டவன் சென்னையில் வசனம் எழுதுகிறான். நாடு இப்படித்தான்.

நெசவு ஊரிலிருந்து வந்தவளாக ஒரு பெண்ணை வைத்திருக்கிறாய், இழையினி என்று. விரல் நுனியிலிருந்து பட்டு நூலாக விடுகிறாள். அவளுக்குக் குரல் கொடுத்த பெண் யார்?

என் மகள் ஹேமலதாவை உன் வீட்டில் விட்டிருப்பது மேல்நிலை வகுப்புகள் படிக்க. பள்ளி விடுதிச் சாப்பாட்டில் அவளுக்கு மஞ்சள்காமாலை வந்ததால் விட்டேன், வேறு காரணமில்லை. உன் ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலை அவள் மிதிக்கக் கூடாது என்று அப்போதே எழுதினேன். மிதித்தாள் என்று தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் அழைத்து வந்து இங்கேயே சேர்த்துவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ச. பரசுராமன்


சென்னை
27.6.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கள் கடிதம் கண்டேன். இடுப்பு பரவாயில்லை. ஸ்வர்ணா மாத்திரையை மறக்காமல் போடுகிறாள். தங்களுக்குச் சர்க்கரை இறங்காதது கவலையாக இருக்கிறது. காலையில் கோட்டை மைதானம் வரையாவது நடந்துவிட்டு வாருங்கள்.

தொடரைப் பற்றி எழுதியதற்கு நன்றி. தாங்கள் பார்த்ததே பெரிது. மூக்கு அந்தப் பாணியில் அப்படித்தான் வரைவார்கள், பார்க்கப் பார்க்கப் பழகிவிடும். இரண்டாம் பகுதியிலிருந்து கதை சூடு பிடிக்கும்.

ஹேமா காலையில் நாலரைக்கு எழுந்து படிக்கிறாள். இட்லி இரண்டுக்கு மேல் சாப்பிட மாட்டேன் என்கிறாள். தலைமுடியைக் கொஞ்சம் வெட்டிக்கொண்டாள், கோபிக்க வேண்டாம். பௌதிகத்தில் வகுப்பில் இரண்டாவது.

குரல் புதுப் பெண் ஒருத்தியுடையது. நிறைய பேரைத் தேர்வு வைத்துப் பார்த்து எடுத்தார்கள்.

அண்ணிக்கு என் வணக்கம். மழை உண்டா?

தங்கள் அன்புத் தம்பி,
கமலக்கண்ணன்


ஆரணி
5.7.2025

தம்பிக்கு,

மழை இல்லை. கோட்டை மைதானம் போய் வந்தேன், காலில் முள் குத்தியதுதான் மிச்சம். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும்.

நான்கு பகுதி பார்த்து முடித்தேன். முன்பு அருவருப்பு, இப்போது குமட்டல். இழையினியின் அப்பா முதல் பகுதியில் நான்காவது நிமிடத்திலேயே செத்துப்போகிறார். ஏன்? அப்பன் உயிரோடு இருந்தால் பிள்ளைக்குச் சக்தி வராதா? அவர் செத்ததும் வெள்ளைத் தாடியோடு ஒருவர் வந்து ‘இனி நீ என் மகள்’ என்று விடுதிக்கு அழைத்துப் போகிறார். அவளும் போகிறாள். அழுகை ஏழு நொடி, கடிகாரம் வைத்துப் பார்த்தேன்.

அவள் பாவாடைக் கரையில் அன்னம் போட்டிருக்கிறீர்கள். ஒரு காட்சியில் அன்னம் இடப்பக்கம் பார்க்கிறது, அவள் கையைத் தூக்கியதும் வலப்பக்கம் பார்க்கிறது. இருபத்திரண்டு வருடமாகக் கணினியில் கட்டம் கட்டமாகக் கரை வரைகிறவன் நான். ஒரு கட்டம் ஒரு இழை. ஒரு கட்டம் தவறினால் அன்னத்தின் கழுத்து முறியும், முதலாளி என் கழுத்தை முறிப்பார். உங்கள் கூட்டத்தில் யாருக்கும் கண் இல்லையா?

தெய்வநாயகியும் கூட உட்கார்ந்து பார்த்தாள். இழையினி ஒரு லாரியைத் தூக்கிக்கொண்டு, “யோவ், ஜல்தியா எறங்குய்யா, கை வலிக்குது!” என்று கத்துகிறாளே, அந்த இடத்தில்,

“இன்னாங்க, இந்தப் பொண்ணு நம்ம ஊர்ப் பொண்ணாட்டம் பேசுது?” என்றாள்.

“ஊர்ல எத்தினியோ பொண்ணு” என்றேன்.

“ஆமா, எத்தினியோ பொண்ணு” என்றவள், அடுப்பில் எதுவும் இல்லாதபோது பால் பொங்குகிறது என்று சொல்லி எழுந்து போனாள்.

மூக்கு, இட்லி, தலைமுடி, மழை எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாய். குரல் கொடுத்த பெண்ணின் பெயரைக் கேட்டால் ‘புதுப் பெண்’ என்கிறாய். புதுப் பெண்ணுக்குப் பெயர் கிடையாதா?

ஹேமாவுக்கு முந்திரிப் பருப்பு பார்சலில் வருகிறது.

ச. பரசுராமன்


சென்னை
26.7.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை, பிறகு எனக்குக் காய்ச்சல். இப்போது எல்லோரும் நலம். முந்திரிப் பருப்பு வந்தது, ஹேமா எனக்கு நான்குதான் கொடுத்தாள்.

அன்னத்தைப் பற்றித் தாங்கள் எழுதியதைப் படம் வரைகிறவர்களிடம் படித்துக் காட்டினேன். படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டதில் வந்த தவறாம். இவ்வளவு பேர் பார்த்ததில் கண்டுபிடித்தவர் தாங்கள் ஒருவர்தான் என்று வியந்துபோனார்கள். மீதி ஆறு பகுதிகளையும் தயவுசெய்து பாருங்கள்.

தாங்கள் கேட்டதற்குக் காகிதத்தில் பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. கடைசி ஆடி வெள்ளி ஆகஸ்ட் பதினைந்து, பள்ளிக்கு விடுமுறை. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கத் தாங்களும் அண்ணியும் படவேட்டுக்கு வருவீர்கள் அல்லவா? நானும் ஹேமாவை அழைத்துக்கொண்டு வருகிறேன். ரேணுகாம்பாள் சன்னதியில் நேரில் சொல்கிறேன்.

தங்கள்,
கமலக்கண்ணன்


ஆரணி
18.8.2025

கமலக்கண்ணனுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். படவேட்டு வெயிலில் நின்றதில் தெய்வநாயகிக்கு இரண்டு நாள் தலைவலி, இன்று சரியாகிவிட்டது.

நேரில் சொல்கிறேன் என்று எழுதினாய். நான் உன்னோடு பேசுவதில்லை என்பது நினைவிருந்தும்தான் எழுதினாயா? எழுதியபடி வந்தாய், வரிசையில் எனக்கு எதிரே நின்றாய், அண்ணியை நடுவில் நிறுத்திக்கொண்டாய்.

“அண்ணி, அண்ணாகிட்ட சொல்லுங்க, ஹேமா நல்லா படிக்கிறா.”

“ஏங்க, நல்லா படிக்கிறாளாம்.”

“எனக்குக் காது கேக்குது.”

“தம்பி, அவருக்குக் காது கேக்குதாம்.”

அப்போது ஹேமாதான் சிரித்தாள். “இன்னா சித்தப்பா, ரெண்டு பேரும் எதிரெதிர்ல நின்னுகினு அம்மாவ போஸ்ட்மேன் ஆக்கிட்டீங்க!”

நமக்கு முன்னால் தாயின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த ஆறு வயதுப் பெண் தலையைத் தூக்கிப் பார்த்ததே, நினைவிருக்கிறதா? “ம்மா! இழையினி பேசுறா ம்மா!” என்று கத்தியது. அதன் தாய், “சும்மா இரு, கோயில்ல வந்து பேஜார் பண்ணாத” என்று அதட்டினாள். நாம் நான்கு பேரும் நான்கு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். நீ பொங்கல் பானையைக்கூட மறந்துவிட்டுப் பஸ் ஏறினாய்.

இப்போது நான் சொல்கிறேன். உன் பதில் எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஜூன் மாதம் முதல் பகுதியில், அவள் வாயைத் திறந்த முதல் வரியிலேயே எனக்குத் தெரியும். ஆரணி அரசு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று அந்தக் குரலின் முதல் சத்தத்தைக் கேட்டவன் நான். மூக்கில்லாத பொம்மையின் வாயிலிருந்து வந்தால் அடையாளம் தெரியாமல் போய்விடுமா?

இருந்தாலும் நான் தவறாகக் கேட்டிருப்பேனோ என்று கடைசியில் ஓடிய பெயர்களை நிறுத்திப் பார்த்தேன். இழையினிக்குக் குரல்: க. ஹேமலதா.

க.

நம் ஊரில் பிள்ளையின் பெயருக்கு முன்னால் வருவது பெற்றவனின் முதலெழுத்து. அவள் பள்ளிச் சான்றிதழில் ‘ப’ இருக்கிறது. ஆதாரில் ‘ப’ இருக்கிறது. சொல், அவள் யார் மகள்?

ச. பரசுராமன்


சென்னை
29.8.2025

மதிப்பிற்குரிய அண்ணாவுக்கு,

தங்கள் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அண்ணியின் தலைவலி நின்றதில் நிம்மதி.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நான் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க ஹேமா ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தாள். அன்றைக்கு வரவேண்டிய பெண் வரவில்லை. சும்மா ஒலி அளவு பார்க்க இரண்டு வரி படிக்கச் சொன்னார்கள். அவள் படித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த நான்கு பேரும் எழுந்து நின்றார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன், ஏனென்றால் எனக்குத் தங்களை நினைத்துப் பயம்.

பதினெட்டு வயது ஆகாததால் பெற்றவர் சம்மதம் எழுதித் தர வேண்டும். சித்தப்பா என்று எழுதினால் தங்களிடம் வருவார்கள். தாங்கள் மறுப்பீர்கள். அதனால் ‘உறவு’ என்ற இடத்தில் ‘தந்தை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் படிவத்தைப் பார்த்துத்தான் அவர்கள் ‘க’ போட்டார்கள். போடச் சொன்னது நான் இல்லை. ஆனால் போட்டதைத் திருத்தச் சொல்லாதது நான்தான்.

இப்போது அடுத்த பத்துப் பகுதிகள் எடுக்கப்போகிறார்கள். இந்த முறை ஆதார் நகல் கேட்டார்கள், குட்டு வெளிப்பட்டது. என்னை எச்சரித்து விட்டுவிட்டார்கள். ஆனால் உண்மையான பெற்றவரின் கையெழுத்து செப்டம்பர் முப்பதுக்குள் வராவிட்டால் வேறு பெண்ணை வைத்துக்கொள்வார்களாம். ஹேமா ஒரு வாரமாகச் சரியாகப் பேசுவதில்லை. குரலை வீணாக்கக் கூடாது என்கிறாள்.

படிவம் இத்துடன் இருக்கிறது. தண்டனையை எனக்குக் கொடுங்கள் அண்ணா.

கமலக்கண்ணன்


ஆரணி
8.9.2025

கமலக்கண்ணனுக்கு,

இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. அங்கே ஹேமா சாப்பிடுகிறாளா என்பதை மட்டும் எழுது.

பத்துப் பகுதியும் பார்த்தாயிற்று. கடைசிப் பகுதியில் அந்தப் பிள்ளைகள் நிலாவை இரண்டாக உடைத்து மறுபடி ஒட்டுகிறார்கள். ஒட்டிய தழும்புகூட இல்லை. செய்ததற்கு விலை இல்லாத உலகம் அது. அதை எழுதுகிறவனும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறான், தந்தை என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு, பிறகு மன்னிப்பு என்று ஒரு வார்த்தை எழுதினால் ஒட்டிக்கொள்ளும் என்று.

அப்பா செத்தபோது பத்திரிகையில் என் இடத்தை எடுத்துக்கொண்டாய். அச்சகத்தான் தவறு என்றாய். இப்போது என் மகளின் பெயரில் என் இடத்தை எடுத்துக்கொண்டு, கம்பெனிக்காரன் போட்டான் என்கிறாய். உன்னைச் சுற்றி எப்போதும் யாராவது ஒருவன் தவறு செய்துகொண்டே இருக்கிறான்.

(இந்த இடத்தில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்க முயலாதே.)

வெளிவந்த பத்துப் பகுதியிலும் அந்த ‘க’வை எடுத்துவிட்டு ‘ப’ போடச் சொல். போட்டதை நான் பார்க்கிறேன். அதுவரை படிவம் என் மேஜை இழுப்பறையில் இருக்கும். அது முடியாது என்றால் காலாண்டு விடுமுறைக்கு அவள் பெட்டியோடு வரட்டும். டி.சி. வாங்க நானே வருகிறேன்.

ச. பரசுராமன்


சென்னை
18.9.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், சாப்பிடுகிறேன். நீங்கள் மாத்திரை போடுகிறீர்களா? அம்மா போடுவதாகச் சொல்கிறாள். அம்மா உங்களுக்காகப் பொய் சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

காலாண்டுத் தேர்வு நடக்கிறது. நாளை வேதியியல். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

உங்களிடம் சொல்லாமல் செய்தது தவறு. அதற்குச் சித்தப்பாவைத் திட்டாதீர்கள், என்னைத் திட்டுங்கள். ‘அப்பாவிடம் கேட்கலாம்’ என்று சித்தப்பா இரண்டு முறை சொன்னார். வேண்டாம் என்று சொன்னது நான். நீங்கள் முடியாது என்று சொல்லிவிட்டால், பிறகு அதை மீறிச் செய்ய எனக்குத் தைரியம் வராது. கேட்காமல் செய்தால் மீறினதாக ஆகாது என்று நினைத்தேன். முட்டாள்தனம்தான்.

தொடர் உங்களுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் சில இடங்கள் பிடிக்கவில்லை. இழையினியின் அப்பா செத்ததற்கு ஏழு நொடிதான் அழுகை என்று எழுதியிருந்தீர்களாம். நான் இரண்டு நிமிடம் அழுதேன் அப்பா. அவர்கள் வெட்டிவிட்டார்கள். உங்களை நினைத்துக்கொண்டு அழுததால் எனக்கு நிறுத்த வரவில்லை, ஸ்வர்ணா சித்தி உள்ளே வந்து தண்ணீர் கொடுத்தாள்.

உங்கள் கடிதம் வந்த அன்று சித்தப்பா சாப்பிடவில்லை. அவர் ‘க’ என்கிறார், நீங்கள் ‘ப’ என்கிறீர்கள். வாயைத் திறந்து பேசியது நான். எந்த எழுத்து வேண்டும் என்று இரண்டு பேரில் ஒருவராவது என்னைக் கேட்டீர்களா?

வந்துபோன பகுதிகளில் எதையும் மாற்ற மாட்டார்கள், நானே போய்க் கேட்டுவிட்டேன். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. பிறகு வேறு ஒரு பெண் இழையினியாகப் பேசுவாள். அவளும் நன்றாகப் பேசலாம். என்னால் அதைக் கேட்க முடியாது, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு முத்தம். உங்களுக்கு உங்கள் கோபம் தீர்ந்த பிறகு.

ஹேமலதா


சென்னை
4.10.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாங்கள் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே எல்லோரும் நலம், அதிலும் ஹேமா மிக நலம்.

படிவம் செப்டம்பர் இருபத்தேழாம் தேதி தபாலில் கிடைத்தது. தாங்கள் கையெழுத்துப் போடாமல் அண்ணியைப் போடச் சொல்லி அனுப்பியதன் பொருள் எனக்குப் புரிந்தது. என் மேல் உள்ள கோபம் தீரவில்லை, அவளைத் தண்டிக்கவும் மனமில்லை. அது போதும் எனக்கு. நன்றி அண்ணா.

பெயரை எப்படிப் போடுவது என்று இந்த முறை அவளையே கேட்டார்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். என்னிடம் காட்டவில்லை.

தாங்கள் அடித்த வரியைப் படித்தேன். வேண்டாம் என்றுதான் எழுதியிருந்தீர்கள், ஆனாலும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதை இருபது வருடத்தில் தாங்கள் ஒரு முறையும் சொல்லிக்காட்டியதில்லை. இப்போதும் அடித்துத்தான் விட்டீர்கள். ஸ்வர்ணாவிடம் காட்டவில்லை. ஆனால் அந்த வரியில் பொய் ஒன்றும் இல்லை அண்ணா. அந்தப் படிவத்தில் ‘தந்தை’ என்று எழுதியபோது, பயத்தில்தான் எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுதி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதில் எழுதுங்கள்.

கமலக்கண்ணன்


ஆரணி
19.1.2026

மகள் ஹேமலதாவுக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்ததாக உன் அம்மா சொன்னாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனதில் தொண்டை கட்டியிருந்தால் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. இங்கே நாங்கள் இருவரும் நலம். மாத்திரை போடுகிறேன். இது பொய் இல்லை.

பொங்கலுக்கு நீ வந்திருந்த நான்கு நாளும் நானும் அதைப் பற்றிப் பேசவில்லை, நீயும் பேசவில்லை. டி.சி. வாங்க வருவதாக எழுதியிருந்தேன், வரவில்லை. ஏன் என்று நீ கேட்காமல் இருந்தது நல்லது. உன் சித்தப்பாவுக்கும் மூன்று மாதமாகப் பதில் எழுதவில்லை. கருமாதிப் பத்திரிகையை இன்னும் நான் மறக்கவில்லை. ஆனால் நான் அடித்த ஒரு வரி அதைவிடக் கேவலமானது. தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

படிவத்தை அனுப்பியது நான் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். நீயும் அப்படி நினைக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். அவனுடைய நன்றிக் கடிதம் வந்த பிறகுதான் இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். காலியாக இருந்தது.

“படிவம் எங்க?”

“அனுப்பியாச்சு.”

“யாரைக் கேட்டு?”

உன் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. “பெத்தவங்க கையெழுத்துனுதான போட்டிருந்துது? நான் பெக்கலியா?”

எனக்கு எம்.ஏ., எம்.ஃபில். இருக்கிறது. நானும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தேன். நம் வீட்டில் இத்தனை வருடமாக ரேஷன் கடை முதல் பள்ளிக்கூடம் வரை எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அவளைக் கேட்டதே இல்லை. எட்டாம் வகுப்புப் படித்தவளுக்குக் கையெழுத்து எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நேற்று புதுப் பகுதி வந்தது. இருவரும் பார்த்தோம். முன்பைவிட மோசம். கடலுக்கு அடியில் நெருப்பு எரிகிறது, அதை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வெள்ளைத் தாடிக்காரர் இன்னும் சாகவில்லை. வில்லனுக்கு நான்கு கை, நான்கிலும் செல்போன். நீ பேசிய இடங்களில் இரண்டில் மூச்சு வாங்குவது கேட்கிறது, கவனித்துக்கொள்.

முடிந்ததும் டிவியை அணைக்கப் போனேன். “இருங்க, பேரு வரும்” என்றாள். பெயர்கள் வேகமாக ஓடின. அவளால் அவ்வளவு வேகமாகப் படிக்க முடியாது, அதனால் நிறுத்தினேன்.

இழையினிக்குக் குரல்: தெ. ஹேமலதா.

நான் ‘ப’வை எதிர்பார்த்திருந்தேன். மறைக்க மாட்டேன். ஜூன் மாதம் ‘க’வைப் பார்த்தபோது வந்த அதே எரிச்சல் வந்தது. திரும்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். உன் அம்மா டிவிக்குப் பக்கத்தில் போய், முந்தானையால் அந்த இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தூசி ஒன்றும் இல்லை.

“இது நானாங்க?” என்றாள்.

“நீதான்.”

“இன்னொரு வாட்டி போடுங்க.”

பெயர் வரும் இடத்தை மட்டும் தனியாகப் போட எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் கடைசிப் பத்து நிமிடத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் கடல் நெருப்பு, அந்த நான்கு கை, எல்லாம். நான்கு முறை போட்டோம். நான்கு முறையும் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது.

ஐந்தாவது முறை அவள் கேட்கவில்லை. நானே போட்டேன்.

நன்றாகப் படி.

உன் அப்பா